ஆல்டெகெர்க்கில் கோமகனைத் தேடாதீர்கள்

அன்பார்ந்த ஓப் டென் கிராஃப் வழியினரே,

அமெரிக்காவில் நீங்கள் அப்டெகிராஃப் என்றும் அப்டெகிரேவ் என்றும் அப்டெகுரோவ் என்றும் ஊருக்கொரு விதமாகக் கையெழுத்திடுகிறீர்கள். எப்படி எழுதினாலும் தேடிக்கொண்டு வருவது ஒரே ஊரைத்தான்: ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், டச்சு எல்லைப் பக்கம் இருக்கும் ஆல்டெகெர்க். 1683-இல் உங்கள் முன்னோரோடு ஒரே கப்பலில் போன குண்டர்ஸ், லூக்கன், டைசன், லென்சன் வீடுகளின் பிள்ளைகளுக்கும் இந்த மடல் பொருந்தும்.

நான் உங்கள் குலத்தவன் இல்லை. கீழ் ரைன் வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழன். இந்த மண்ணின் பழைய தாள்களை வாசிப்பதில் ஈடுபாடு உண்டு. உங்கள் முன்னோர் மீது, உறவில்லாமலே, ஒரு பாசமும் வந்துவிட்டது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இங்கே வருகிறவர்கள் முதலில் கேட்பது பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை. குடும்ப ஏட்டில் தேதி தெளிவாக இருக்கிறது: ஹெர்மன் ஓப் டென் கிராஃப், 1585 நவம்பர் 26, ஆல்டெகெர்க். தேதியும் ஊரும் கையில் இருக்கும்போது பதிவேட்டில் ஒரு வரி இருக்காதா என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனாலும் அந்தக் கதவைத் தட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் எழுதிவைக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டது 1563-இல். ஆணை பிறந்ததும் எல்லா ஊரிலும் பேனா எடுத்துவிடவில்லை. பல பங்குகளில் 17-ஆம் நூற்றாண்டு நடந்துகொண்டிருக்கும்போதுதான் பதிவே தொடங்குகிறது. அதிலும் 1585 இங்கே போர்க்காலம். கொலோன் பேராயர் பதவிக்காக 1583 முதல் 1588 வரை நடந்த சண்டையில் இந்த வட்டாரம் மாறி மாறிச் சூறையாடப்பட்டது. கிரேஃபெல்ட் 1584-இல் எரிந்து, பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. ஹெர்மன் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. படைகள் குறுக்கும் நெடுக்கும் போன நாட்களில் ஒரு கிராமத்துக் குரு மையும் தாளுமாக உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

போர் இல்லாத ஊரிலும் உங்கள் முன்னோரைப் போன்ற மெனோனைட் வீட்டுப் பிள்ளையை அந்தப் பதிவேட்டில் காண்பது அரிது. காரணம் உங்களுக்கே தெரிந்ததுதான். ஆனால் தேடும் அவசரத்தில் மறந்துவிடுகிறீர்கள். விவரம் தெரிந்த வயதில், தானே விரும்பி, வாயால் அறிக்கையிட்டுப் பெறுவதே ஞானஸ்நானம் என்று அவர்கள் நம்பினார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் குருவிடம் கொண்டுபோக மறுத்தார்கள். 1529-இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசுச் சபை, இரண்டாம் முறை ஞானஸ்நானம் பெறுவோருக்கும் கொடுப்போருக்கும் மரண தண்டனை விதித்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுக்கும் பெற்றோரையும் அதே குற்றத்தில் சேர்த்தது. இங்கிருந்து தெற்கே, கொலோன் நகரில், தாமஸ் ஃபோன் இம்ப்ரோயிக் என்ற இளைஞர் இந்த நம்பிக்கைக்காக 1558-இல் தலை வெட்டப்பட்டார். இன்றைய பெல்ஜிய எல்லையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பதிவேட்டில் பெயர் இல்லாமல் வளர்வதற்கு இந்த விலை. உங்கள் தேடலில் அந்த வெற்றிடத்தை ‘காணவில்லை’ என்று குறிக்காதீர்கள். ‘மறுத்தார்கள்’ என்று எழுதக்கூடிய இடங்களும் அதில் உண்டு.

ஆல்டெகெர்க் ஏன் இந்தக் கதையில் வருகிறது என்பதை வரைபடம் நன்றாகச் சொல்லும். இன்றைய வரைபடம் உதவாது. அதில் ஜெர்மனி, நெதர்லாந்து என்று ஒரே ஒரு கோடுதான் இருக்கும். 1600 வாக்கிலான வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஆல்டெகெர்க் ஸ்பானிய மன்னருக்கு உட்பட்ட கெல்டர்ன் நிலத்தில். சற்றுத் தெற்கே கெம்பன். அது கொலோன் பேராயரின் ஆட்சி. மேற்கே கால்டன்கிர்ஷன் யூலிஷ் கோமகனுடையது. இவற்றுக்கு நடுவே, பேராயரின் நிலத்தால் நாலாபுறமும் சூழப்பட்ட ஒரு சின்னத் துண்டு கிரேஃபெல்ட். அது மோர்ஸ் சிற்றரசைச் சேர்ந்தது. மோர்ஸின் கடைசிக் கோமாட்டி வால்புர்கா தன் உரிமையை ஆரஞ்சு குடும்பத்து மவுரிட்ஸுக்கு எழுதிவைத்துவிட்டதால், 1600-க்குப் பிறகு அங்கே டச்சுச் சீர்திருத்தச் சபையின் காற்று வீசியது. ஆல்டெகெர்க்கிலிருந்து கிரேஃபெல்ட் ஒரு பகல் நடை கூட இல்லை. அந்த நடைக்குள் மூன்று ஆட்சிகள், மூன்று சட்டங்கள். ஒரு நிலத்தில் குற்றமானது அடுத்த நிலத்தில் கண்டும் காணாமலும் விடப்பட்டது.

ஹெர்மன் 1609-இல் கிரேஃபெல்ட்டுக்கு வந்தார் என்கிறது குடும்ப ஏடு. எரிந்த ஊர் மறுபடி எழுந்துகொண்டிருந்த நேரம். ஆள் வேண்டியிருந்தது, துணி நெய்யத் தெரிந்தவர்களும் விற்கத் தெரிந்தவர்களும் இருந்தால் இன்னும் நல்லது. எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்பதை ஆள்வோர் ஒத்திப்போட்டார்கள். அது அன்பினால் வந்த சகிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு சபை வேர்விட்டது. 1654-இல் யூலிஷ் நிலத்துக் கிளாட்பாக்கிலிருந்து மெனோனைட்டுகள் துரத்தப்பட்டபோது பலர் ஓடிவந்ததும் இங்கேதான்.

அந்தக் குடும்ப ஏட்டைப் பற்றியும் ஒரு சொல். ஷாய்ட்டன் என்ற கிரேஃபெல்ட் மெனோனைட் குடும்பம் எழுதிக் காத்த தலைமுறை ஏடு அது. ஹெர்மனின் பிறப்பு, 1605-இல் கெம்பன் ஊர் கிரீட்ஜென் பிளெட்ஜெஸோடு திருமணம், பதினெட்டுப் பிள்ளைகள், 1642 டிசம்பர் 27-இல் இறப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை. அவருக்குப் பின்வந்தோர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். என்றாலும் அதை மதிக்கிறேன். பெருமை பேசாத ஏடு. யார் எப்போது பிறந்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதோடு ஒத்துப்பார்க்க ஹெர்மன் காலத்துச் சான்று ஒன்றும் இருக்கிறது. 1632 ஏப்ரலில் டச்சு, ஜெர்மன் மெனோனைட் சபைகள் கூடி டோர்ட்ரெக்ட்டில் விசுவாச அறிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதன் அடியில் கிரேஃபெல்ட்டின் சார்பில் இரண்டு பெயர்கள்: ஹெர்மன் ஓப் டென் கிராஃப், வைல்ம் கிரேய்னன். எதிரியை வெறுக்காதே, வாளெடுக்காதே, ஆணையிடாதே என்று கூறும் அறிக்கை அது. இன்றைக்கும் பென்சில்வேனியாவின் ஆமிஷ் சபைகளில் ஞானஸ்நானம் பெறும் முன் இளையோர் அதைக் கற்கிறார்கள்.

இப்படி ஒரு மனிதர் கையில் இருக்கும்போது, உங்களில் பலர் அவரை விட்டுவிட்டு ஒரு கோமகனின் பின்னால் போகிறீர்கள். இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

கதை இப்படிப் போகிறது: ஹெர்மன் ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளை இல்லையாம். யூலிஷ், கிளேவ, பெர்க் நாடுகளின் கோமகன் யோஹன் வில்ஹெல்முக்கும் ஆல்டெகெர்க்கைச் சேர்ந்த ஆன்னா என்ற பெண்ணுக்கும் மணத்துக்கு வெளியே பிறந்தவராம். இன்னொரு வடிவத்தில் ஆம்ஸ்டர்டாமை ஆண்ட டே கிராஃப் பெருங்குடும்பத்தின் கிளை அவர். இரண்டும் அச்சிட்ட குடும்ப வரலாறுகளிலும் கொடிவழிப் படங்களிலும் ஏறிவிட்டன. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படியெடுக்கிறார், படிகளின் எண்ணிக்கையே சான்றாகிவிடுகிறது. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றையும் இதுவரை யாரும் காட்டவில்லை.

கோமகன் கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்பதைப் பார்க்க முடிகிறது. யோஹன் வில்ஹெல்முக்கு இரண்டு மனைவியர், பிள்ளை இல்லை. மனநலம் குன்றி, 1609-இல் வாரிசின்றி இறந்தார். அவர் விட்டுப்போன நாடுகளுக்காக ஐரோப்பாவே மோதிக்கொண்டது. ஹெர்மன் கிரேஃபெல்ட்டுக்குக் குடிவந்த ஆண்டும் அதே 1609. வாரிசில்லாத அரசன் இருக்கும் இடத்தில் மறைந்த வாரிசின் கதை முளைக்காமல் இருக்காது. ஆனால் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். 1585-இல் அவர் கோமகனே இல்லை. தந்தை உயிரோடு ஆண்டுகொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூனில்தான் டுசெல்டார்ஃபில் பாடன் இளவரசி யாகோபேயோடு அவருக்குத் திருமணம். பல நாள் நீண்ட அந்த விழா படங்களோடு புத்தகமாகவே அச்சாயிற்று. இவற்றால் கதை பொய் என்று நிரூபணமாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரூபிக்கும் கடமை சொல்கிறவருடையது. சொல்கிறவர்கள் கையில் ஒரு துண்டுத் தாள் கூட இல்லை.

சான்று இல்லாததைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. அந்தக் கதையை ஏற்றுக்கொண்டதும் ஆன்னா என்ற பெண் அரசகுமாரன் கைப்பட்டவள் ஆகிறாள்; அவள் வீட்டு ஆண் பெயரே இல்லாமல் போகிறார். அடுத்த தலைமுறைகள் தறியில் உழைத்ததும், நம்பிக்கைக்காக ஊர் விட்டு ஊர் போனதும், ‘நீல ரத்தத்தின்’ அடிக்குறிப்பாகச் சுருங்குகின்றன. ஆள்வோரிடம் பதவி வாங்குவதே தவறு என்று நினைத்த சபை அது. வாளைத் தொட மறுத்தவர்களுக்கு நான்கு நூற்றாண்டு கழித்து வாளும் கேடயமும் வரைந்த குலச்சின்னத்தை மாட்டுகிறோம். அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

கணக்கும் ஒன்று பார்த்துவிடலாம். உங்களில் பலருக்கு ஹெர்மனின் தந்தை பன்னிரண்டு தலைமுறை மேலே. அந்தப் படியில் ஒவ்வொருவருக்கும் 4,096 முன்னோர் இடங்கள் உண்டு. அதில் ஒரு இடத்தில் கோமகன் இருந்தாலும் உங்கள் உடம்பில் அவருடையது என்று சொல்லப் பெரும்பாலும் ஏதும் மிஞ்சியிருக்காது. மிச்ச 4,095 இடங்களில் பாதிக்கு மேல் பெண்கள். கிரீட்ஜென் பிளெட்ஜெஸின் கெம்பன் உறவுகளைத் தேடி வருகிறவரை இன்னும் நான் காணவில்லை. கெம்பன் அடுத்த ஊர்தான்.

இனி எங்கே தேடலாம் என்பது. முதலில் குடும்பப் பெயரை நம்பாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் இவர்கள் தந்தை பெயரையே பின்னால் சேர்த்துக்கொண்டார்கள், நம்மூரில் போலவே. ஹெர்மனின் மகன் ஈசாக் ஹெர்மன்ஸ். அவருடைய மக்கள் ஹெர்மன் ஈசாக்ஸ், டெரிக் ஈசாக்ஸ், ஆபிரகாம் ஈசாக்ஸ். ‘ஓப் டென் கிராஃப்’ என்பதை எழுதுபவர் விரும்பினால் சேர்ப்பார், விரும்பாவிட்டால் விடுவார். குண்டர்ஸ் வீட்டில் இன்னும் சிக்கல்: தோனஸ் குண்டர்ஸின் வழியில் கான்ராட் உண்டு, கோனார்ட் உண்டு, கப்பல் நிறுவனம் கண்ட சாமுவேல் கூனார்டும் உண்டு. பெயர்ப் பட்டியலில் குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் உங்கள் பூட்டனைக் கடந்து போய்க்கொண்டே இருப்பீர்கள்.

கோயிலில் இல்லாதவர்கள் வேறு எங்கே எழுதப்பட்டார்கள்? அவர்களை விரும்பாதவர்களின் கணக்கில். அபராதம் கட்டியவர்கள், காவல் பணம் செலுத்தியவர்கள், ஊர் மன்றத்தில் ஆணையிட மறுத்தவர்கள், ‘கோயிலுக்கு வருவதில்லை’ என்று விசாரணைக்கு வந்த அதிகாரி குறித்துக்கொண்டவர்கள். யூலிஷ் நாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் நடந்த சபை விசாரணைகளின் குறிப்புகளை ஓட்டோ ரெட்லிக் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். கிராமம் கிராமமாக அனபாப்டிஸ்டுகள், அதாவது மறுமுறை ஞானஸ்நானம் பெற்றோர், பெயர் வருகிறது. நிலம் கைமாறிய பத்திரங்கள் இன்னொரு வழி. ஆல்டெகெர்க் பக்கத்துத் தாள்களுக்குக் கெல்டர்னில் உள்ள கிளேவ மாவட்ட ஆவணக்காப்பகம், பழைய அரசு ஆவணங்களுக்கு டூய்ஸ்பர்க்கில் உள்ள மாநிலக் காப்பகம், கிரேஃபெல்ட்டுக்கு அதன் நகரக் காப்பகம். டச்சுப் பக்கத்தையும் மறக்காதீர்கள்: மெனோனைட் சபைகளின் பெரும் ஆவணத் தொகுப்பு ஆம்ஸ்டர்டாம் நகரக் காப்பகத்தில் இருக்கிறது. எல்லைக் கோடு பின்னால் வந்தது. உறவுகள் அதற்கு முன்பே இரண்டு பக்கமும் இருந்தன.

இங்கேயே தங்கிவிட்ட பங்காளிகளைத் தேடுவோருக்கு 1798 நல்ல ஆண்டு. ரைன் நதியின் இடது கரையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆண்டு முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் மதம் பாராமல் ஊர்த் தலைவரே எழுத வேண்டும் என்றார்கள். 1805 முடியும் வரை புரட்சி நாட்காட்டியின் மாதப் பெயர்கள் குழப்பும், பொறுமையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே ஒரு தாளைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், 1681-இல் கிரேஃபெல்ட்டில் எழுதப்பட்ட திருமணச் சான்றைப் பாருங்கள். மணமகன் டெரிக் ஈசாக்ஸ் ஓப் டென் கிராஃப், மணமகள் நோலெகென் ஃபைட்டன். குவேக்கர் முறையில் நடந்த திருமணம்: குரு இல்லை, பலிபீடம் இல்லை, கூடியிருந்தவர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். அந்தப் பெயர்களை வாசித்தால் இரண்டே ஆண்டில் கான்கார்ட் கப்பலில் ஏறப்போகும் கூட்டத்தில் பாதி அங்கே நிற்கிறது. 1683 அக்டோபர் 6-இல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய பதின்மூன்று குடும்பங்கள் ஏதோ துறைமுகத்தில் சந்தித்துக்கொண்டவர்கள் இல்லை. சகோதரர், மைத்துனர், சம்பந்தி என்று பின்னிக் கிடந்த ஒரே சுற்றம் என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

அதிலேயே இன்னொன்றும் தெரியும். தாத்தா ஹெர்மன் டோர்ட்ரெக்ட் அறிக்கையில் கையெழுத்திட்ட மெனோனைட். பேரன் டெரிக்கோ குவேக்கர். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அப்படி மாறியவர்கள்தான். யான் லென்சன் மெனோனைட்டாகவே இருந்தார். ‘நாங்கள் அசல் மெனோனைட்டா, குவேக்கரா’ என்று உங்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் எனக்குத் தெரியும். தாத்தாவின் சபையை விட்டுத் தான் நம்பியதற்குப் போன பேரன், தாத்தாவின் நம்பிக்கைப்படிதான் நடந்துகொண்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிவறிந்து தானே தேர்ந்துகொள்வதைத்தானே அவர்கள் ஞானஸ்நானம் என்றார்கள்.

அந்தப் பேரன் 1688-இல் இன்னொரு தாளிலும் கையெழுத்திட்டார். அவர்கள் குடியேறிய ஜெர்மன்டவுனில், குண்டர்ஸ் வீட்டில், மனிதரை வாங்குவதும் விற்பதும் தவறு என்று எழுதப்பட்ட மனு. கையெழுத்திட்ட நால்வரில் இருவர் டெரிக்கும் தம்பி ஆபிரகாமும். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அடிமைமுறையை எதிர்த்து ஒரு சமயக் கூட்டத்தார் எழுதிய முதல் மனு அது. குவேக்கர் மேலிடம் அதை ஏற்காமல் தள்ளிவைத்தது. பல காலம் மறைந்து, 1844-இல் கிடைத்து, மறுபடி காணாமல் போய், 2005-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு காப்பறையில் கண்டெடுக்கப்பட்டது. மற்றவர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்பதே அதன் வாதம். நம்பிக்கையின் பொருட்டு ஒடுக்கப்படுவது ஐரோப்பாவில்; இங்கே தோலின் நிறத்துக்காக ஒடுக்குகிறார்கள் என்று அவர்கள் ஒப்பிட்டு எழுதியது, ஆல்டெகெர்க் பக்கத்து எல்லைகளைக் கடந்து வந்த ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து வந்தது என்றே நம்புகிறேன். எந்தக் கோமகன் வீட்டுப் பெட்டியில் இப்படி ஒரு தாள் இருக்கிறது?

கொடிவழி எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஷாய்ட்டன் ஏட்டில் இருந்தா, அந்தக் காலத்து ஆவணத்திலா, இன்னொருவர் வரைந்த மரத்திலா. கடைசி வகையைப் பென்சிலால் எழுதுங்கள். ஹெர்மனுக்கு மேலே உறுதியான பெயர் கிடைக்காவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் கெல்டர்னில் ஒரு கிரயப் பத்திரத்தைப் புரட்டும்போது அந்த வெற்றுக் கட்டம் அவருக்கு உதவும். கோமகன் பெயர் நிரம்பியிருந்தால் அவர் தேடவே மாட்டார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1690-களில் கட்டிய கிரேஃபெல்ட் மெனோனைட் தேவாலயம் 1943 ஜூனில் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. இன்று நிற்பது போருக்குப் பின் எழுப்பியது. நகரத்தின் உட்பகுதியும் அந்த ஒரே இரவில் சாம்பலாயிற்று. இங்கே போனது அங்கே மிச்சமிருக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய பைபிளின் முன்பக்கங்களில் தலைமுறைகளின் பிறந்த நாட்கள் எழுதியிருக்கும். அட்டைப்பெட்டியில் பிரிக்கப்படாத கடிதக் கட்டு கிடக்கும். டச்சிலோ கீழ் ஜெர்மனிலோ எழுதிய, யாருக்கும் வாசிக்க வராத ஒரு தாள் சட்டமிட்டுச் சுவரில் தொங்கும். அடுத்த முறை வரும்போது அவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எந்த வீட்டில் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்போடு, கிரேஃபெல்ட் சபைக்கும் நகரக் காப்பகத்துக்கும் ஒவ்வொரு படி கொடுங்கள். பழைய எழுத்தை வாசிக்க உதவி வேண்டுமென்றால் என்னால் ஆனதைச் செய்கிறேன்; கீழ் ரைன் முழுக்க என்னைவிட நன்றாக வாசிக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கெம்பன் வழியாக வாருங்கள்.

அன்புடன்,
கீழ் ரைன் கரையிலிருந்து உங்கள் நண்பன்